மேடை உண்டு, வீடு இல்லை!

விருத்தாசலம் சந்திப்பு. நள்ளிரவு கடந்த நேரம். சென்னையிலிருந்து வந்த வண்டி நின்றது. தோளிலே பறை, கையிலே துணிப்பை, கண்களிலே உறக்கம் இழந்த சிவப்பு. இறங்கினார் நம் தோழர், நம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர்.

"வீடு கிடைத்ததாடா?" என்று கேட்டோம்.

"மேடை கிடைத்தது" என்றார்.

இரண்டே சொற்கள். வீடு வந்து சேர்ந்து, விளக்கை அணைத்துப் படுத்த பின்னும் அந்த இரண்டு சொற்கள் நம்மை உறங்கவிடவில்லை. உறங்கவிடாத சொற்களை உங்கள் முன் வைக்கவே இதனை எழுதுகிறோம்.

நம் தோழர் பறையிசைக் கலைஞர். ஆண்டில் பாதி நாள் ஊர் ஊராகச் செல்பவர். இன்று சேலத்துக் கல்லூரி விழா, நாளை கடலூரில் திருமணம், மறுநாள் மதுரையில் மாநாடு. அழைப்புகளில் பெரும்பாலானவை சென்னையிலிருந்து வருகின்றன. எனவே சென்னையிலேயே குடியேறுவது, மனைவியையும் மகளையும் அழைத்துச் செல்வது, மகளை அங்கே நல்ல பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்தார். குற்றமா இது? ஊர் சுற்றும் கால்கள் ஓய்வெடுக்க ஓர் இடம் தேடின. அவ்வளவுதான்.

தை மாதத்தில் சென்னையின் பூங்காக்களிலே அவருக்கு இடம் உண்டு. 'சென்னை சங்கமம்' என்ற கலைவிழா 2007இல் தொடங்கி, இடையிலே நின்று, 2023இல் மீண்டும் உயிர் பெற்றது. பறையும் கரகமும் ஒயிலும் அங்கே முழங்குகின்றன. மாடி வீட்டு மக்கள் மகிழ்ந்து ஆடுகின்றனர். கைப்பேசியிலே படம் எடுக்கின்றனர். "அருமை, அருமை" என்கின்றனர். ஆனால் விழா முடிந்த மறுநாள், அந்தப் பூங்காவை அடுத்த தெருவில் அதே கலைஞர் வாடகை வீடு கேட்டு நின்றபோது என்ன நடந்தது?

முதல் வீடு. "என்ன வேலை?" என்று கேட்டனர். "இசைக் கலைஞன்" என்றார். வீட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. "பாட்டா, வீணையா?" "பறை" என்றார். மலர்ந்த முகம் கூம்பிற்று. "சத்தம் வருமே!"

இரண்டாம் வீடு. "நீங்கள் சைவந்தானே?" "இல்லை, எல்லாம் சாப்பிடுவோம்." "மன்னிக்க வேண்டும்."

மூன்றாம் வீடு. "எந்த ஊர்?" "விருத்தாசலம்." "நல்ல ஊர். பீங்கானுக்குப் பேர் போன ஊராயிற்றே! விருத்தாசலத்தில் எந்தத் தெரு?"

கவனியுங்கள் தோழர்களே! ஊரைக் கேட்பது பண்பு. தெருவைக் கேட்பது சாதி. சாதியை நேரே கேட்க நாக்கூசும் நாகரிகர்கள், தெருவைக் கேட்டுத் தெரிந்துகொள்கின்றனர். தெருவின் பெயர் சொன்னதும், "இன்னொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்" என்று பதில் வருகிறது. ஒரு நிமிடத்துக்கு முன்வரை கொடுக்காத அந்த இன்னொருவர், எப்போது வந்தார், எந்த வழியாக வந்தார்?

நம் ஊரின் பீங்கான் கோப்பை சென்னை வீட்டின் கூடத்துக்குள் நுழைகிறது, சமையலறைக்குள் நுழைகிறது, உதட்டையே தொடுகிறது. அந்தக் களிமண்ணைப் பிசைந்த கை எந்தத் தெருக் கை என்று எவரும் கேட்பதில்லை. கோப்பைக்குக் கதவு திறக்கும். கோப்பை செய்த ஊரின் மனிதனுக்குத் திறக்காது!

"இதெல்லாம் ஏன் பேசுகிறீர்? கலைஞர்களுக்கு இன்று எவ்வளவு மதிப்பு!" என்று கேட்போர் உண்டு. மதிப்பு வந்தது உண்மை. அது எப்படி வந்தது? எவரேனும் இரங்கிக் கொடுத்தார்களா?

நாதசுரம் வாசித்தவர் ஒரு காலத்தில் சட்டை அணியக் கூடாது. தோளில் துண்டு போடக் கூடாது. பெரிய மனிதர் அமர்ந்திருக்க, நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து தோளிலே துண்டுடன் வாசித்து வந்தார். துண்டை எடுக்கச் சொல்லி எழுந்தது கூச்சல். "எடுக்காதீர்!" என்று எதிர்க்குரல் எழுப்பியவர் பட்டுக்கோட்டை அழகிரி. துண்டு என்ன, ஒரு முழத் துணி. அந்த ஒரு முழத் துணிக்குள்ளே ஓர் இனத்தின் மானம் முடிந்து கிடந்தது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வந்தார். 1898இல் பிறந்தவர். குடுமியை ஒழித்துக் கிராப்பு வைத்தார். ஷெர்வானி அணிந்தார். மேடை போடு, அமர்ந்து வாசிக்கிறேன் என்றார். 'திமிர்' என்றனர். ஆம், திமிர்தான்! தலை நிமிர்ந்தவனைக் குனிந்தே பார்த்துப் பழகியவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? தம் இறுதிக் காலத்தில் அவர் சென்னையிலே வாழ்ந்தார். 1956 டிசம்பர் 12ஆம் நாள் சென்னையிலேயே மறைந்தார். அவர் மறைந்தபோது நாதசுரம் தரையில் இல்லை, மேடையில் இருந்தது.

ஆக, மேடை என்பது போராடிப் பெற்றது. அடுத்த போர் வீட்டு வாசலில் நடக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் மேடையில் கலைஞனுக்கு இடம் கொடுப்பது எளிது. இரண்டு மணி நேரத்தில் அவன் இறங்கிவிடுவான். வீட்டில் இடம் கொடுத்தால் இறங்கமாட்டான், அண்டை வீட்டானாகிவிடுவான். அவன் வீட்டுக் குழம்பின் மணம் உம் வீட்டுச் சன்னலுக்கு வரும். அவன் மகள் உம் மகளோடு பாண்டி ஆடுவாள். ஆகவே, ஒரு நாட்டில் சாதி செத்ததா இல்லையா என்பதை மேடையிலே பார்க்காதீர்கள். வாடகை வீட்டு வாசலிலே பாருங்கள்!

தமிழனுக்கு ஊர் சுற்றும் இசைஞன் புதியவனா? சங்க காலத்தில் பாணனும் பொருநனும் விறலியும் யாழும் முழவும் சுமந்து நடந்தனர். பரிசு பெற்று வந்த கலைஞன், வறுமையோடு எதிரே வரும் கலைஞனுக்கு வழி சொல்லி அனுப்பினான். அதற்கென்றே 'ஆற்றுப்படை' என்று ஓர் இலக்கிய வகையைப் படைத்த மொழி உலகிலே எத்தனை? இந்த மன்னனிடம் போ, இன்ன வழியில் போ, இன்ன விருந்து கிடைக்கும் என்று வழி காட்டினர். இன்று ஒரு பாணன் இன்னொரு பாணனுக்கு எப்படி வழி சொல்வான்? "அந்தத் தெருவுக்குப் போகாதே, அங்கே கேட்பார்கள். இந்தத் தெருவுக்கும் போகாதே, இங்கும் கேட்பார்கள்" என்றா?

சங்க காலம் வேண்டாம். புராண காலத்துக்கே வருகிறோம். புராணத்தை நாம் நம்புவதில்லை. ஆனால் கதவடைக்கும் வீட்டுக்காரர் நம்புகிறாரே! அவரிடம் அவருடைய ஏட்டை வைத்தே கேட்போம்.

நம் ஊருக்குத் திருமுதுகுன்றம் என்று பழம்பெயர். ஊர் ஊராகச் சென்று பாடிய சுந்தரர் இங்கே வந்தாராம். பன்னிரண்டாயிரம் பொன் பெற்றாராம். அதை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தாராம். எதற்கு? ஆரூரில் இருந்த பரவையார் இல்லத்துக்கு. பாடகரின் குடும்பச் செலவுக்குக் கடவுளே பணம் அனுப்பினார் என்று பூரிக்கிறீர்களே. அதே மணிமுத்தாற்றங்கரையிலிருந்து ஒரு கலைஞன், ஆற்றில் போடாமல் கையிலேயே பத்து மாத முன்பணத்தை எடுத்துக்கொண்டு உம் வாசலுக்கு வந்தால், ஏன் விரட்டுகிறீர்கள்?

இன்னொரு கதையும் உம் பெரியபுராணத்தில்தான் இருக்கிறது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் பாணர் குலத்தவர். சம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று யாழ் வாசித்தவர். சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்ற அந்தணரின் வீடு. இரவு யாழ்ப்பாணரும் அவர் துணைவியாரும் தங்க இடம் வேண்டும். நீலநக்கர் அவர்களுக்கு எங்கே இடம் கொடுத்தார்? கொல்லையிலா, மாட்டுக் கொட்டிலிலா? வீட்டின் நடுவே, வேள்வித் தீ வளர்க்கும் இடத்துக்கு அருகே! தீ அணைந்ததா? இல்லை, முன்னினும் ஓங்கி எரிந்தது என்று எழுதியவர் சேக்கிழார். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புலவர் அவர். அந்த நூலைப் பட்டுத் துணியில் சுற்றிப் பூசை அறையில் வைத்துக்கொண்டு, வாசலில் நிற்கும் யாழ்ப்பாணனைப் பார்த்து "எந்தத் தெரு?" என்கிறீர்களே, இது எந்தச் சைவம்?

இனி அவர்கள் ஏந்தும் மூன்று கேடயங்களையும் பார்ப்போம்.

முதற் கேடயம்: சத்தம். பறை ஒலித்தால் அண்டை வீட்டாருக்குத் தொல்லையாம். ஒத்துக்கொள்கிறோம், எந்த இசையானாலும் அடுத்தவர் உறக்கத்தைக் கெடுக்கக் கூடாது. நேரம் வகுத்துச் சொல்லுங்கள். நம் தோழர் கட்டுப்படுவார். ஆனால் ஒரே மாடியில் மிருதங்கம் முழங்கினால் நாதம், பறை முழங்கினால் சத்தமா? மிருதங்கம் எதனால் ஆனது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பசுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் சேர்ந்தது அது. அந்தத் தோலைப் பதப்படுத்தி, இழுத்துக் கட்டி, நாதம் கூட்டித் தருவோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள். இதனை விரிவாக ஆராய்ந்து, டி. எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வெளிவந்தது. மாட்டுத்தோல் உம் வீட்டுக் கூடத்தில் கொலு இருக்கலாம். மாட்டிறைச்சி உண்பவன் உம் வீட்டு மாடியில் குடியிருக்கக் கூடாதா? தோல் புனிதம், தோலைத் தொட்டவன் தீட்டு! எந்தத் தராசில் நிறுத்த நியாயம் இது?

இரண்டாம் கேடயம்: சைவம். "எங்களுக்குச் சாதி கிடையாது, உணவுதான் பிரச்சினை" என்கின்றனர். தம் வீட்டு அடுப்பில் என்ன வேக வேண்டும் என்பது அவரவர் விருப்பம். அதில் நாம் தலையிடவில்லை. அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகக் கூடாது என்று ஆணையிடுவது எந்த விருப்பம்? தமிழ்நாட்டில் மீனும் ஆடும் கோழியும் உண்ணாதோர் சிறுபான்மையினர் என்பது யாவரும் அறிந்தது. அந்தச் சிறுபான்மையின் உணவை வாடகைக்கு நிபந்தனை ஆக்கினால், வடிகட்டப்படுவது உணவன்று, மனிதர்கள். சல்லடையின் பெயரை மாற்றினால், சலிக்கப்படுவது மாறிவிடுமா?

மூன்றாம் கேடயம்: "என் வீடு, என் உரிமை." இதுதான் வலிய கேடயம். இதனை உடைக்கக் கொஞ்சம் கடல் கடந்து வாருங்கள்.

1948. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். நாட் கிங் கோல் என்ற கறுப்பினப் பாடகர். ஊர் ஊராகச் சென்று பாடிப் புகழ் பெற்றவர். அவருடைய இசைத்தட்டுகள் வெள்ளையர் வீடுகளிலே சுழன்றன. அவரும் மனைவியும் ஹான்காக் பார்க் என்ற செல்வர் பகுதியில் ஒரு வீடு வாங்கினர். அண்டை வீட்டு வெள்ளையர்கள் கொதித்தெழுந்தனர். வெள்ளையரல்லாதார் இங்கே குடியிருக்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதி வைத்திருந்த பகுதி அது. கொடுத்த விலையைத் திருப்பித் தருகிறோம், போய்விடு என்றனர். விரும்பத்தகாதவர்கள் இங்கே வருவதை விரும்பவில்லை என்றனர். கோல் சினக்கவில்லை. தாமும் அதை விரும்பவில்லை என்றும், அப்படி எவரேனும் வரக் கண்டால் முதலில் முறையிடுபவர் தாமே என்றும் விடை சொன்னார்! வீட்டு நாய்க்கு நஞ்சு வைத்தனர். புல்தரையிலே இழிசொல்லைத் தீயால் பொறித்தனர். அவர் அசையவில்லை. 1965இல் மறையும் வரை அதுவே அவர் வீடு.

அவர் அசையாமல் நின்றதற்கு அவருடைய நெஞ்சுரம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதே 1948ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க உச்சநீதிமன்றம், இத்தகைய நிறவெறிப் பத்திர நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தரக் கூடாது என்று தீர்ப்பளித்திருந்தது. 1968இல் வீட்டு நீதிச் சட்டம் வந்தது. நிறத்தைக் காட்டி வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ மறுப்பது சட்டவிரோதமாயிற்று. 'என் வீடு, என் உரிமை' என்று அங்கும் சொன்னார்கள். வீடு உன்னுடையது; ஆனால் அதை வாடகைச் சந்தைக்குக் கொண்டுவந்தால், வாங்க வருபவனின் தோலைப் பார்க்க உனக்கு உரிமை இல்லை என்று சட்டம் விடை சொன்னது. நிறவெறி அங்கே ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. முறையிட ஒரு வாசலாவது உண்டு என்கிறோம்.

நம் நாட்டில்? அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவு கடை, உணவகம், கேளிக்கை இடம், கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை என்று வரிசையாக எண்ணிச் சொல்கிறது. அந்த வரிசையிலே வாடகை வீடு இல்லை. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டமாகப் பிறந்து, 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படியுங்கள். எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ, பெறவோ, அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் பெயரால் தடுப்பது குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. நல்ல சட்டம்! ஆனால் 'சத்தம்' என்றும் 'சைவம்' என்றும் 'வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்' என்றும் சொல்பவனிடம், தீண்டாமைதான் காரணம் என்று எப்படி மெய்ப்பிப்பது?

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வாடகையைப் பேசுகிறது, முன்பணத்தைப் பேசுகிறது, ஒப்பந்தத்தைப் பேசுகிறது. சாதி கேட்டு மறுப்பதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. குஜராத்தில் ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கம், பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி வைத்திருந்தது. 2005இல் நம் உச்சநீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. 1948இல் அமெரிக்கா மூடிய வாயிலை, 2005இல் நாம் திறந்து வைத்தோம். முன்னேறுகிறோமாம்!

இதுவரை பிறரைச் சாடினோம். இனி நம்மையே சாடிக்கொள்ள வேண்டும். கசக்கும், ஆயினும் மருந்து.

நம் தோழர் தேடிச் சென்ற வீடுகளில் ஒன்றின் சுவரிலே பெரியார் படம் இருந்தது. கண்டதும் நிம்மதியடைந்தார். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று ஊரைச் சொன்னார், தெருவைச் சொன்னார், தொழிலைச் சொன்னார். வீட்டுக்காரர் அன்பாகத்தான் பேசினார். காப்பி கொடுத்தார். பிறகு சொன்னார்: "எனக்கு ஒன்றுமில்லை தம்பி. கீழே குடியிருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்றுதான்..."

அந்த வீட்டுப் படியிறங்கியபோதுதான் அழுகை வந்தது என்றார் தோழர். மற்ற வீடுகளில் வரவில்லையாம்.

'எனக்கு ஒன்றுமில்லை' என்பவரே, உமக்கு ஒன்றுமில்லை என்பதுதான் குற்றம்! கீழ்வீட்டார் நினைப்புக்கு அஞ்சிய கொள்கை, கீழ்வீட்டார்க்குச் சொந்தமான கொள்கையே தவிர உம்முடையதன்று. சுவரில் படம் மாட்ட ஓர் ஆணி போதும். வாசற்கதவைத் திறக்கத்தான் துணிவு வேண்டும். ஊரே எதிர்த்தபோது கல்லடி பட்டவரின் படத்தை மாட்டிக்கொண்டு, கீழ்வீட்டாரின் முணுமுணுப்புக்கு நடுங்குவதா?

பள்ளியிலே நாம் பாடம் நடத்துகிறோம். 'யாதானும் தொழில் செய்து வாழலாம், எங்கும் சென்று வாழலாம்' என்று குடியுரிமைப் பாடத்தில் சொல்லித் தருகிறோம். தோழரின் மகள் அந்தப் பாடத்தை ஒருநாள் படிப்பாள். "எங்கும் என்றால் சென்னையிலுமா?" என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? அந்த நாள் வருவதற்குள் நமக்கு விடை வேண்டும்.

எனவே இளைஞர்களே, மூன்று செயல்கள். வீடு தேடிச் செல்லும்போது எவரேனும் தெருவைக் கேட்டால், எச்சாதியிற் பிறந்தவராயினும் விடை சொல்லாதீர்கள். சொன்னால் வீடு கிடைக்கும் நிலையில் இருப்பவர்கள்தாம் முதலில் மறுக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் கேள்வி சாகும். உங்கள் குடும்பத்துக்கு வாடகை வீடு இருக்குமானால், அடுத்து வருபவரிடம் வாடகை கட்ட முடியுமா என்பதைத் தவிர வேறெதையும் கேட்கவிடாதீர்கள்; தந்தையோடு வாதிட வேண்டுமென்றால் வாதிடுங்கள். சமூக நீதியில் முன்னோடி என்று மார்தட்டும் இந்த மாநிலத்தின் வாடகைச் சட்டத்திலே, சாதியையும் உணவையும் காரணம் காட்டி வீடு மறுப்பது குற்றம் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் குரல் எழுப்புங்கள். ஒரே ஒரு வரிதான் கேட்கிறோம்!

நம் தோழர் அடுத்த வாரம் மீண்டும் சென்னைக்கு வண்டி ஏறுகிறார். நிகழ்ச்சி இருக்கிறது. கூட்டம் இருக்கும். பறை முழங்கும். மக்கள் எழுந்து நின்று கைதட்டுவர். அந்தக் கைகளை நோக்கி நாம் சொல்வது இதுதான்:

கைதட்டியது போதும். சாவியைக் கொடுங்கள்!